முறுக்கு பிளேடும் நேர்கோடும்

முனகலில் தொடங்கி, மரத்தைத் தொட்டதும் சுருதி ஏறும் ஒரு ரீங்காரம். தொண்ணூறுகளில் எங்கள் கடையில் கேட்ட சத்தம், இன்னும் காதில் இருக்கிறது. பலகையில் பெயர் வெட்டிப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்: ஊரார் பெயரெல்லாம் நம்மேல் தூளாக விழுந்து, தும்மலாக வெளியே போகும் தொழில் இது.

திருவண்ணாமலையில் சின்னக் கடை. தமிழ் பி.ஏ. படித்த நான் எழுத்து வரைவேன். என் கணவரின் தங்கை கஸ்தூரி, மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும் ரம்ப மெஷினில் வெட்டுவாள். புருஷனை விட்டு வந்து, தனியாக ஒரு ரூம் எடுத்து இருந்தவள். கீழ்பென்னாத்தூர் ரோட்டில் மொபெட்டிலிருந்து விழுந்ததில் உடைந்த வலது மணிக்கட்டு ஒட்டியது, ஆனால் திரும்பவில்லை. சாதா பிளேடுக்கு ஒரு பக்கம்தான் பல். ஒவ்வொரு வளைவுக்கும் பலகையைத் திருப்ப வேண்டும். அவளால் முடியவில்லை. ரூமைக் காலி செய்துவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிடச் சொன்னார் அவள் அண்ணன். அவள் தூளைப் பெருக்கினாள்.

தலையில் இரண்டு தட்டு

சுற்றிலும் பல் உள்ள முறுக்கு பிளேடு இருக்கிறது, பலகையைத் திருப்பவே வேண்டாம், எந்தப் பக்கம் தள்ளினாலும் வெட்டும் என்று சென்னையிலிருந்து வந்த கருவி வியாபாரி ஒரு கட்டு கொடுத்துவிட்டுப் போனார். கயிறு திரித்தாற்போல ஒரு கம்பி. மெஷினில் மாட்டினால் பிடியில் நிற்காமல் சுழன்று நழுவியது. காலை முழுக்க அதே கதை. மதியம் கஸ்தூரி இரண்டு முனைகளையும் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி மாட்டினாள். நின்றது.

"தலையில ரெண்டு தட்டினா ஒழுங்கா நிக்குது அண்ணி. முன்னாடியே தெரிஞ்சிருந்தா என் வீட்டுக்காரரை விட்டுட்டு வந்திருக்கவே மாட்டேன்."

பட்டம்மாள் இல்லம்

அந்த பிளேடுக்கு ஒரு குணம். வளைவென்றால் வழுக்கிக்கொண்டு போகும். நேர்கோடென்றால் மரத்தின் ரேகை இழுத்த பக்கம் போய்விடும். இது தெரியாமல், வேங்கிக்காலில் வீடு கட்டிய ஒருவருக்கு அவர் அம்மா பெயரை வெட்ட ஒப்புக்கொண்டோம். லவும் ளவும் அழகாக வந்தன. பவும் டவும் கால் தள்ளாடி நின்றன.

வேறு செய்து தருகிறோம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"கடைசி காலத்துல எங்கம்மா இப்படித்தாம்மா நடப்பாங்க. இதையே குடுங்க."

லாட்ஜ் போர்டு

பிறகு கோட்டுக்கு வெளியே வெட்டி, அரம் போட்டு நேராக்கக் கற்றுக்கொண்டோம். ஆனால் அது நாள் பிடிக்கும் வேலை. ஆர்டர்கள் குறைந்தன. ஒரு மாதம் ஒன்றுமே வரவில்லை. கஸ்தூரியின் சாமான்களை ஏற்ற அவள் அண்ணன் வேனே பேசிவிட்டார்.

அப்போதுதான் கிரிவலப் பாதை லாட்ஜ்காரர் ஒருவர் நீளமான பலகையோடு வந்தார். அவ்வளவு நீளத்தைத் திருப்பி வெட்ட இடமில்லை என்று மற்ற கடைகளில் கைவிரித்திருந்தார்கள். நாங்கள் திருப்பவே வேண்டியதில்லை. ஆனால் அவர் கேட்டது இங்கிலீஷ் பெரிய எழுத்துகள், எல்லாம் நேர்கோடு. கஸ்தூரி என்னைப் பார்த்தாள்.

நான் அவர் எதிரிலேயே உட்கார்ந்து பெயரைத் தமிழில் வரைந்தேன், நேர்கோடு வரும் இடத்தையெல்லாம் கொடியாக வளைத்து. வெள்ளைக்காரர்கள் எப்படிப் படிப்பார்கள் என்றார். இங்கிலீஷைக் கீழே பெயின்டில் எழுதிக்கொள்ளலாம் என்றேன். அரை மனதாகத் தலையாட்டினார். கஸ்தூரி இடது கையால் தள்ளித் தள்ளியே முழுதும் வெட்டி முடித்தாள். அண்ணன் பேசி வைத்த வேனில்தான் பலகை லாட்ஜுக்குப் போனது.

தீபம் முடிந்ததும் அவர் மறுபடி வந்தார்.

"எல்லாரும் அந்த போர்டுகிட்ட நின்னு போட்டோ புடிச்சிக்கறாங்கம்மா, ரூம் மட்டும் கேக்க மாட்டேன்றாங்க. பஸ் ஸ்டாண்டாண்ட இருக்கிற நம்ம லாட்ஜுக்கும் ஒண்ணு போட்டுடுங்க."

இத்தனை பெயர் வெட்டியும் எங்களுக்கு அரம் போடாமல் நேராக ஒரு கோடு கடைசிவரை வரவில்லை என்பதே எங்கள் தொழில் ரகசியம். கஸ்தூரி இரண்டாயிரத்துக்குப் பிறகு வேங்கிக்காலில் சொந்தமாக இரண்டு அறை கட்டிக்கொண்டு அந்த ரூமைக் காலி செய்தாள். வாசலில் பெயர்ப்பலகை இல்லை.