எண்ணிக்கையில் சேராத பிள்ளை

மும்பை செம்பூரில் நாங்கள் வழக்கமாகப் போகும் தியேட்டரில் டார்ச் அடித்து இருக்கை காட்டுகிறவர் அவர். ஒல்லியான, நெடிய ஆள், தாராவித் தமிழர். படம் ஓடும்போது திரையைப் பார்க்கவே மாட்டார். கதவை ஒட்டி நின்று, கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எதையோ எண்ணிக்கொண்டிருப்பார்.

அன்று ஒரு கார்ட்டூன் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு மகளோடு போயிருந்தேன். முதல் பாகம் பார்த்தபோது அவள் அம்மா உயிரோடு இருந்தாள்.

இடைவேளையில் அவரிடம், "முதல் பாகம் அளவுக்கு இல்லையோ?" என்று கேட்டேன்.

"பாதியில பாத்ரூமுக்கு எந்திரிக்கிற பிள்ளையள எண்ணுவேன் சார். முதல் பாகத்துக்கு ஒண்ணுகூட எந்திரிக்கல, எல்லாம் அடக்கிட்டு உக்காந்திருந்துச்சுங்க. இன்னைக்கு இதுக்குள்ள பதினாலு. தேறாது."

இடைவேளைக்குப் பிறகு, தாய்க்கரடி குட்டியைப் பிரிகிற இடத்தில் என் மகள் எழுந்து கதவை நோக்கிப் போனாள். திரும்பி வரச் சற்று நேரமானது.

படம் முடிந்து அவள் முன்னால் நடக்க, "பதினைந்தா?" என்று அவரிடம் கேட்டேன்.

"உங்க பிள்ளைய நான் எண்ணல," என்றார் தணிந்த குரலில். "வெளிய போகல, கதவுப் பக்கம் நின்னு அழுதா. அப்பா பாத்துரக் கூடாதுன்னா. டார்ச்ச அணைச்சிட்டேன்."

அவள் கதவருகே நின்ற அந்த நேரத்தில்தான் நானும் அவசரமாக அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அதையும் அவர் பார்த்திருக்க வேண்டும். லோக்கல் ரயிலில் வீடு திரும்பும்வரை மகள் என் கையை விடவில்லை. நான் அழுததை அவர் அவளிடம் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.