பால் ஊற்றாத காபிக்காரன்

மன்னார்குடியில் பாலில்லாத காபி விற்கிறவனுக்குக் கொட்டை வறுக்கத் தெரிந்தால் போதாது, தலையைக் குனிந்துகொண்டு நிற்கவும் தெரிய வேண்டும். ஒரே மலைத்தோட்டத்தில் உரமும் மருந்தும் போடாமல் விளைந்த கொட்டையை வாங்கி, வீட்டிலேயே வறுத்து விற்கிறேன். வாங்குகிறவர் வீட்டுக்கே போய், எப்படிப் போடுவது என்று காட்டியும் தருகிறேன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினேன்.

வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிறாள் தங்கை கயல்விழி. பெண் கேட்டு வருகிறவர்கள் எல்லாம், "அண்ணன் என்ன பண்றாரு?" என்பார்கள். "காபி வியாபாரம்" என்று அம்மா இழுப்பாள். அதோடு சரி, திரும்பி வரமாட்டார்கள். என்னால் அவள் கல்யாணம் தட்டிப் போகிறது என்பதை நினைத்தால் சோறு இறங்காது. பிடித்த தொழிலைச் செய்து வீட்டாரைத் தலைகுனிய வைத்தவர்கள் உங்களிலும் இருந்தால் வாங்க, இப்படிப் பக்கத்தில் உட்காருங்க.

முதல் வாய்

எஸ்பிரெசோ மெஷின் வந்ததும் சித்தப்பாவைத்தான் கூப்பிட்டேன். அரிசி மில் வைத்திருக்கிறார், கயலுக்கு வரன் கொண்டு வருகிறவரும் அவர்தான். என் தொழிலைப் பற்றி நாலு இடத்தில் நல்லபடியாகச் சொல்லட்டும் என்ற ஆசை. மெஷின் போட்ட சத்தத்தில் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார். குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்களவு கோப்பையில், மேலே பொன்னிற நுரையோடு நீட்டினேன்.

ஒரே மடக்கு. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி இருக்கு என்று நானே கேட்டேன்.

"ருசி பாத்தாச்சுப்பா, நல்லாத்தான் இருக்கு. இப்ப காபி கொண்டா."

பட்டுக்கோட்டையில் ஒரு புளிப்பு

பட்டுக்கோட்டையில் ஒரு தேங்காய் வியாபாரி வீடு. சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பிய காபி மெஷின் பிரிட்ஜ் மேல் துணி போர்த்திக் கிடந்தது. வீட்டம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கப் போனேன். போட்டுக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பேன். "இந்தக் கொட்டைல ஆரஞ்சுத் தோல் வாசம் வரும்க்கா, கடைசில நாக்கு ஓரத்துல லேசா புளிப்பு தெரியும்" என்று படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். அந்த அம்மா வாய் வரைக்கும் கொண்டுபோன கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். முகத்தில் கோபம்கூட இல்லை, என் மேல் பரிதாபம்தான்.

"புளிச்சா நாங்க கொட்டிடுவோம் தம்பி. புளிச்சிருக்குன்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் அத ஏன் இவ்ளோ தூரம் தூக்கிக்கிட்டு வந்தீங்க?"

நீடாமங்கலத்துக்காரர்கள்

சித்தப்பா மனம் தளராமல் நீடாமங்கலத்திலிருந்து ஒரு வரனைக் கொண்டு வந்தார். பையன் கால்நடை மருத்துவர், நல்ல குடும்பம். அம்மா கேசரி, பஜ்ஜி எல்லாம் செய்து, காபிக்கு டிகாஷனும் பாலும் தயாராக வைத்திருந்தாள். எனக்குத்தான் புத்தி கெட்டது. அண்ணன் சும்மா ஊர் சுற்றுகிறவன் இல்லை என்று அவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்று, "காபி நான் போடுறேன்" என்று ஹாலிலேயே கடை விரித்தேன். வடிதாளில் தூளைப் போட்டு, வளைந்த மூக்குக் கெண்டியால் நூல் மாதிரி வெந்நீர் ஊற்றினேன். போர் ஓவர் என்று பேர். யாரும் பேசவில்லை. அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன், மடையன்.

கறுப்பாக ஆளுக்கு ஒரு கிளாஸ் கொடுத்தேன். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவோரம் நின்ற கயல் கண்ணை மூடிக்கொண்டாள். பையனுடைய அத்தை கிளாஸை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி, பாலில்லாத காபி எங்க பக்கம் சாவு வீட்லதான் குடுப்பாங்க."

துக்கத்துக்குப் போனது

சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்களிடமிருந்து சேதி வரவில்லை. கயல் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை, முகம் பார்த்துப் பேசுவதையே நிறுத்திவிட்டாள். பிறகு வந்த சேதி, அந்தப் பையனின் பெரிய தாத்தா தவறிவிட்டார் என்பது. "நம்ம வாசப்படி ஏறுனவங்க, போகாம இருக்கக் கூடாது" என்றாள் அம்மா. கொஞ்சம் பொறுத்து, "அங்க அடுப்பு எரியாது. ஒன் காபிய எடுத்துக்கிட்டு போ. அதுக்கு அதானே எடம்" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

பெரிய பெரிய பிளாஸ்கில் வடித்து, இந்த முறை சர்க்கரை போட்டு எடுத்துப் போனேன். பந்தலில் எல்லாரும் வாங்கிக் குடித்தார்கள், பறைக்காரர்கள் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்கள். அதைப் பார்த்து என் மனசு துள்ளியது. பிணம் கிடக்கும் வீட்டில் தொழில் எடுபட்டதென்று சந்தோஷப்பட்டேனே, அந்த வெட்கத்தை எங்கே போய்ச் சொல்வது? தலையைக் குனிந்தபடி பிளாஸ்கை மூடினேன். எதிரே டம்ளரோடு அதே அத்தை, அழுது வீங்கிய கண்களோடு.

"அன்னைக்கி இத வாயில வைக்காமப் போயிட்டோம் தம்பி. கருமாதி முடியட்டும், பொண்ணு கேட்டு திரும்ப வர்றோம், அன்னைக்காச்சும் பால் ஊத்திக் குடுங்க."

வந்தார்கள், கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசியதில் மறுபேச்சே இல்லாமல் முடிவானது ஒன்றுதான், கல்யாணத்துக்குக் காபி நான் போடக் கூடாது.