சுவருக்கு அந்தப் பக்கம் இடம் கேட்டவர்

போதகர் ஞானசிகாமணி ஐயா போய்விட்டார் என்ற செய்தி, நான் கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போனில் வந்தது. நம் மனித உரிமை மன்றத்து நண்பர்களே, எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். அவர் கேட்டிருந்த ஒன்றைச் செய்ய விடுவார்களா என்ற பயம்.

திருநீறு பூசிய என்னையும் மேலப்பாளையத்து அரிசிக்கடை பாயையும் ஒரே மேஜைக்கு இழுத்துவந்தவர் அவர்தான். கலவரத்தில் பஸ் ஓடாத நாட்களில், லாக்கப்பில் கிடந்த பையன்களைப் பார்க்க மூவரும் நடந்தே போனோம். வாசலில் நின்ற ஏட்டு, "உள்ள கெடக்குதவனுவ ஒம்ம சபையா?" என்று கேட்டார். "எஞ் சபையா இருந்தாத்தான் அடி வாங்காம இருக்கணுமா, வே?" என்றார் ஐயா. அன்று எங்களை உள்ளே விடவில்லை.

பல தேசத்துச் சபைகள் கூடிய மனித உரிமை மாநாட்டுக்கு அவரை ஜெனிவாவுக்கு அழைத்தார்கள். தீண்டாமை பற்றிப் பேசினார். திரும்பி வந்த கையோடு அவருடைய ஆற்றங்கரைச் சபையில் அசனம் வந்தது. வருஷத்துக்கொரு முறை சபையார் எல்லாரும் கூடி உண்ணும் விருந்து. அன்றும் கீழத்தெரு ஜனத்துக்குத் தனிப் பந்திதான். ஐயா தன் இலையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தார். மேலத்தெருக்காரர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்கள். கை கழுவும்போது, விருந்துக்குப் போயிருந்த என்னிடம் சொன்னார்: "அங்கன எந்திரிச்சு நின்னு கைதட்டுதாவ. இங்கன எந்திரிச்சுப் போயிருதாவ, வே."

அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு தெருவையும் பிரிக்கும் மார்பளவுச் சுவர் ஒன்று உண்டு. ஐயா மேலத்தெருவில் பிறந்தவர். இடிக்கச் சொல்லிச் சொல்லிச் சலித்து, கடைசியில், "என்னையக் கீழப்பக்கம் அடக்கம் பண்ணுங்க. பூ வைக்கவாவது எம் புள்ளைக அங்கன வந்துதான ஆகணும்?" என்றார்.

நானும் பாயும் போய்ச் சேர்ந்தபோது மேலப்பக்கம் குழி வெட்டியாகிவிட்டது. மூத்த மகனிடம் நினைவுபடுத்தினேன்.

"அப்பா சொல்லிட்டுப் போயிட்டாவ, அண்ணாச்சி. நாங்க இங்கன பொண்ணு எடுக்கணும், குடுக்கணும்லா?"

பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இது எங்க சபைக் காரியம், பாய்" என்று ஒரு மூப்பர் முடித்துவிட்டார்.

பிடிமண் போடும் நேரத்தில் கீழத்தெருக்காரர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றே வீசினார்கள். ஒரு பிடிகூடக் குழிவரை வரவில்லை. எல்லாம் சுவரடியில் விழுந்தது.

ஐயா விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது நிறைவேறாத அந்த ஆசை ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வருஷமும் அசனம் நடக்கும். அந்தப் பந்திக்கு இலையைத் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை.