எங்கள் தோட்டத்தில் மட்டும் ஜெயித்த ஜப்பான்காரி

என் மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் தம்பியான அவர் மாத்தளை டவுனில் ஒரு தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். அங்கே எப்போதாவது ஓடும் இங்கிலீஷ் படங்களைக் கதவோரம் நின்று பார்த்ததுதான் அவருடைய படிப்பு. ஆனால் எல்கடுவவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அவர் வந்துவிட்டால் போதும். சினிமாவையே அவர்தான் கண்டுபிடித்த மாதிரி நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயமே எழுந்து வழிவிடும். எனக்கு அப்போது எட்டு வயது. அந்த வயதிலேயே எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொழும்பிலிருந்து ஒரு வேன் வந்தது. ஜப்பான்காரர்கள் தங்கள் நாட்டைப் பற்றி எடுத்த படங்களை ஊர் ஊராகக் காட்டும் வேன். நாவுல பக்கம் நெல் நடும் மெஷினைக் காட்டிவிட்டு வந்திருந்தார்கள். எங்களிடம் வயல் இல்லை என்பதால் பனிக்கட்டியில் சறுக்கும் ஒரு பெண்ணின் படத்தைப் போடுவதாகச் சொன்னார்கள். எங்களிடம் பனிக்கட்டியும் இல்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

பள்ளிக்கூடம் என்பது ஒரே அறை. அதை இருட்டாக்க, மழையில் கொழுந்தெடுக்கும்போது போர்த்திக்கொள்ளும் கம்பளிகளை வீட்டுக்கு ஒன்றாகக் கொண்டுவந்து ஜன்னல்களில் தொங்கவிட்டார்கள். உள்ளே ஈரக் கம்பளி நாற்றம் அடித்தது. படத்தில் பேச்சு முழுக்க இங்கிலீஷ். வேன் டிரைவர் ஒரு சிங்களவர், கொஞ்சம் தமிழ் பேசினார். "யாரு வெளக்கம் சொல்லப் போறது?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் மாமா திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார்.

மாமா அன்றைக்குத் தோட்டத்துக்கு வந்தது படம் பார்க்க அல்ல, என் அக்காவின் விஷயமாக. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. டவுன் பள்ளிக்கூடத்தில் சேருவதற்கு ஒரு சோதனை வைத்தார்கள். மாமா அக்காவைக் கூட்டிப்போய் எழுத வைத்தார். அக்கா தேறிவிட்டாள். மாமா வீட்டில் தங்கிப் படிக்கலாம். ஆனால் அவளுக்குப் பதின்மூன்று வயதாகிவிட்டது. கொழுந்தெடுக்கும் வேலைக்குப் பேர் போடலாமா என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கேட்டிருந்தார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அப்பா ஒரு வாரமாக "பாப்பம்" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

படம் நல்ல படம். மாமா வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் நல்ல படம். பனி கொட்டும் ஒரு சின்ன ஊர். அந்தப் பெண்ணின் அப்பா சைக்கிள் திருத்துகிறவர். முற்றத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறார். அது உறைந்து கண்ணாடியாகிவிடுகிறது. அதன் மேல் பஞ்சு மூட்டை மாதிரி உடுத்திய ஒரு குழந்தை விழுகிறது, எழும்புகிறது, மறுபடியும் விழுகிறது.

"இதுதான் ஐஸ்! மீன் பெட்டியில போட்டுக் கொண்டு வர்றாங்களே, அதே சாமான்!" என்று மாமா கத்தினார்.

"அப்ப அந்த ஊரே மீன் நாத்தம் அடிக்குமே தம்பி!" என்று பின்னாலிருந்து ஒரு கிழவி கேட்க, கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு.

அந்தப் பெண் வளர்ந்தாள். சொந்த ஊர்ப் போட்டியில் ஒரு கிண்ணம் வாங்கினாள். ரயிலேறிப் பெரிய நகரத்துக்குப் போனாள். அங்கே ரோமத் தொப்பி போட்ட ஒரு அம்மா விடியுமுன் அவளை எழுப்பிப் பழக்கினாள். மாமாவுக்குக் கதையில் ஒரு வில்லி தேவைப்பட்டது. "இவதான் சித்தி! கொடுமைக்காரி!" என்றார். பெண்கள் எல்லாரும் அந்தத் தொப்பிக்காரியைச் சபித்தார்கள். அந்தப் பெண்ணுக்குக் கணுக்கால் உடைந்து கட்டுப் போட்டபோது அதுவும் சித்தியின் வேலை என்றார்.

ஒவ்வொரு பொய்யைச் சொன்னதும் மாமா எங்கள் அப்பா உட்கார்ந்திருந்த மூலையைப் பார்த்தார். "பாத்துக்கங்க, அந்தத் தகப்பன் புள்ளைய வேலைக்கு அனுப்பல. வெளாட அனுப்புனான்!" என்று அந்த மூலைக்கே சொன்னார். அப்பாவிடம் பீடி கேட்கத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

கடைசியில் உலகப் போட்டி. அவள் நீலச் சட்டையில் வந்தாள். சுழன்றாள். அப்படி ஒரு மனுஷி சுழல முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தாவினாள். விழுந்தாள். எழும்பிச் சிரித்துக்கொண்டே தொடர்ந்தாள். மறுபடியும் தாவி மறுபடியும் விழுந்தாள்.

"விழுந்து கும்புடுறா! அது அந்த நாட்டு மரியாதை!" என்றார் மாமா.

பெரிய பலகை ஒன்றில் எண்கள் விழுந்தன. அவள் தொப்பிக்காரியின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். பக்கத்திலிருந்த அக்கா என் காதில் சொன்னாள்: "ஒம்பதாவது."

"மொதலாவது எடம்! தங்க மெடல்!" என்று மாமா துள்ளினார். "ஆனந்தக் கண்ணீர்! சித்தியும் திருந்திட்டா!"

அறையே கைதட்டியது. படம் அதோடு முடிந்திருந்தால் மாமா தப்பியிருப்பார். ஆனால் அந்தப் பெண் ஊருக்குத் திரும்பி வந்தாள். ஸ்டேஷனில் அவள் அப்பா தன் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினார். அடுத்த காட்சியில் மறுபடியும் முற்றத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மாமா திரையை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். "தங்கம் ஜெயிச்ச காலைக் கழுவத் தண்ணி!" என்றார்.

வேனில் சாமான்களை ஏற்றும்போது டிரைவர் மாமாவின் முதுகில் தட்டினார். "மாத்தயா, இந்தப் படம் எல்லாத் தோட்டத்திலயும் போட்டது. ஒங்க தோட்டத்தில மட்டும்தான் இந்தப் புள்ள ஜெயிச்சது."

"தோத்தா சனம் ஒத்துக்காதுங்க. ஸ்கிரீனைக் கிழிப்பாங்க. எனக்குத் தெரியாதா?" என்றார் மாமா.

வீட்டில் அம்மா தேத்தண்ணி ஊற்றினாள். அப்பா அதிசயமாகச் சந்தோஷமாக இருந்தார். "அந்த சைக்கிள்காரன் கெட்டிக்காரன்யா. ஆளப் பாத்துத்தான் தண்ணி ஊத்தியிருக்கான்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "அவ ஒம்பதாவதுப்பா! மாமா பொய் சொல்றாரு!"

"ஒம்பதாவது வந்தவளுக்கு எவனாச்சும் படம் எடுப்பானா, கழுதை?" என்றார் அப்பா. பிறகு அக்காவைப் பார்த்தார். "நீதான் படிச்சவ. நீ சொல்லு."

அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார்.

"மொதலாவதுதாம்ப்பா," என்றாள் அக்கா.

என் காதில் ஒன்பது என்று சொன்ன அதே வாய். அவளை அப்படியே கடித்துவிடலாம் போல இருந்தது. மாமாவுக்கு உயிர் வந்துவிட்டது. "அதத்தான் மச்சான் சொல்றேன். நம்ம புள்ளையையும் விட்டுப் பாருங்க!"

"விடலாம்," என்றார் அப்பா. "ஏம்மா, டவுன் சோதனையில நீ எத்தனாவது?"

அதை அவர் அதுவரை கேட்டதே இல்லை. தேறிவிட்டாள் என்று மட்டும்தான் மாமா சொல்லியிருந்தார்.

"பதினொண்ணு."

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். "அதான பாத்தேன்," என்றார் மெதுவாக. "உலகத்துலயே மொதலா வர்ற புள்ளைக்கு அவன் தண்ணி ஊத்துனான். அது நியாயம். நம்ம புள்ள இந்த மாத்தளையிலேயே பதினொண்ணு. அதுக்கு ஏன் மாப்ளே நம்ம ஆசைப்படணும்?"

மாமா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "மச்சான், நெசத்தச் சொல்லிடுறேன். அவ ஒம்பதாவதுதான். ரெண்டு தரம் விழுந்தா. அதுக்கப்புறமுந்தான் அந்தத் தகப்பன்..."

"இப்ப ஒங்க வசதிக்குக் கதைய மாத்துறீங்களா?" அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்தச் சைக்கிள்காரர் தண்ணீர் ஊற்றியது தோற்றுப்போன மகளுக்கு. படத்தில் இருந்த ஒரே விஷயம் அது. எங்கள் அப்பாவுக்குத் தேவைப்பட்ட ஒரே விஷயமும் அதுதான். உள்ளதை உள்ளபடி சொல்லித் தொலைத்திருந்தால் போதும். மாமா செத்து எத்தனையோ காலமாகிவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

திங்கட்கிழமை காலையில் அக்காவுக்குப் பேர் போட்டார்கள். அம்மாவின் பழைய படங்குத் துணியைச் சேலைக்கு மேலே இடுப்பில் சுற்றிக்கொண்டு, தலையில் கூடைக் கயிற்றை மாட்டியபடி அவள் வாசலில் நின்றாள். "போயிட்டு வாறேன்டி," என்றாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அம்மா கூப்பிட்ட பிறகுதான் போனாள்.

எனக்கு அன்றைக்கு அவள் மேல் துளி இரக்கமும் வரவில்லை. பொய் சொன்னாள், அப்பா கண்டுபிடித்துவிட்டார், அதற்குத்தான் கூடையைக் கொடுத்து மலைக்கு அனுப்புகிறார்கள் என்று நினைத்தேன். நாலைந்து நாளில் தண்டனை முடிந்துவிடும், வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தேன்.