படையல் அறையில் மறந்துவிட்ட போன்

போகியன்று எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் படையல். சுமங்கலியாகப் போனவள் என்பதால் பூவாடைக்காரி என்று சொல்லி, புதுப்புடவையும் பூவும் வளையலும் வைத்துக் கும்பிடுவோம். கும்பிட்டு முடித்ததும் அந்தப் புடவையை வீட்டுப் பெண் கட்டிக்கொள்ள வேண்டும். வீட்டுப் பெண் என்று இருப்பது நான் ஒருத்திதான். நானோ பாரிசுக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். கிறிஸ்துமசுக்கு லீவு போட்டவர்கள் திரும்பி வருவதற்குள் பொங்கல் வந்துவிடும். ஊருக்குப் போய்வரும் அளவுக்கு லீவு கேட்டால் மேலதிகாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

அதனால் எனக்கு வருடா வருடம் படையல் போனில்தான். போன போகிக்கும் அப்படித்தான். ஒருநாள் லீவு போட்டு, விடிவதற்கு முன்பே எழுந்து மொச்சைக் குழம்பு வைத்தேன். வடை சுட்டேன். தமிழ்க் கடையில் வாங்கிய வாழை இலை, நடுவில் கிழிந்திருந்தது. கற்பூரம் ஏற்றினால் கூரையில் இருக்கும் புகைமணி அலறும், கட்டிடமே கீழே இறங்கி நிற்கும். கற்பூரம் அப்பா வீட்டில் எரியும், நான் போனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

புதுச்சேரியில் உச்சிவேளை. எனக்கு ஜன்னலில் இன்னும் இருட்டு.

"போன்ழூர் மதாம்" என்று அப்பா பிரெஞ்சில் கூப்பிட்டார். வேலை பார்த்த மில் மூடியதிலிருந்து அவருக்கு என்னைக் கிண்டல் செய்வதுதான் முழுநேர வேலை. பெரிய மார்க்கெட்டில் பூ என்ன விலை என்று ஒரு பாட்டம் புலம்பினார்.

"அத்தை வந்துட்டாங்களாப்பா?"

"கனகசெட்டிக்குளத்துலேருந்து காலையிலயே வந்துட்டாங்க. வீடு நெறைய ஆளு. ஒன் சிநேகிதிங்க வந்தாச்சா?"

"வந்துகிட்டே இருக்காங்க" என்றேன்.

போனை ஒரு சொம்பில் சாய்த்து வைத்து எனக்குக் காட்டினார். நடுக்கூடத்து அறையில் அம்மாவின் இலை. சோறு, மொச்சைக் குழம்பு, வடை, பாயசம், ஓரத்தில் அவளுக்குப் பிடித்த டீயும் பொறையும். பக்கத்தில் தாம்பாளத்தில் மாம்பழ நிறத்தில் ஒரு புடவை. கற்பூரம் காட்டினார். கும்பிட்டோம். பிறகு அவர் வழக்கம்போல வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

செத்துப் போனவர்கள் வந்து சாப்பிடும் நேரம் அது. கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் வந்தவள் சாப்பிடாமல் போய்விடுவாள். அப்பா அந்த நேரத்தில் எப்போதும் போனையும் கையோடு எடுத்துக்கொண்டு போவார். அன்றைக்கு மறந்துவிட்டார். நான் உள்ளே இருந்தேன்.

இதையெல்லாம் நம்புகிறாயா என்று யாராவது கேட்டால் சண்டைக்குப் போவேன், நம்புகிறேன் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் என்னால் அம்மா பசியோடு போய்விடக் கூடாது. சட்டென்று போனை மேசைமேல் கவிழ்த்தேன். துண்டிக்க மனம் வரவில்லை. அம்மா வருகிற அறையில் நானும் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகிறேனே என்று ஆசையாக இருந்தது.

கண்ணைத்தானே மூடினேன், காது கேட்டது. சுவர்க் கடிகாரம் ஓடியது. எங்கேயோ டிவி. வீடு நிறைய ஆள் இருக்கிற சத்தம் மட்டும் இல்லை. அத்தை பிள்ளைகள் வாய் மூடி இருக்கிற ஜாதியே கிடையாது. வாசல் கேட் கிறீச்சிட்டது. பக்கத்து வீட்டு அக்காவின் குரல்.

"என்னாண்ணே, தனியாவா படைக்கிற? ஒன் தங்கச்சி வரல?"

"அவங்களுக்கு அங்கயே படையல் இருக்குதும்மா. பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத. அதுக்குச் சோறு எறங்காது."

நான் அழுதேன். சத்தம் அங்கே கேட்டுவிடும் என்று முந்தானை இல்லாத குறைக்கு ஸ்வெட்டர் கையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டும் சத்தம். திறப்பதற்கு முன்னால் தட்டிச் செருமுவது வழக்கம், வந்தவள் கிளம்பிப் போக அவகாசம். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். ஒருநாளும் அந்தக் கதவை எனக்காக யாரும் தட்டியதில்லை. அன்றைக்கு உள்ளே இருந்துகொண்டு அதைக் கேட்டபோது, அம்மாவோடு சேர்த்து என்னையும் கிளம்பச் சொல்வது போலிருந்தது. வருடத்துக்கு ஒருமுறை வந்துபோகிறவர்கள்தானே இரண்டு பேரும்.

"அய்யோ பாப்பா! நீ உள்ளயா இருந்த? பாத்துட்டியா?"

"இல்லப்பா. போனக் கவுத்து வெச்சிட்டேன்."

"நல்ல வேள. அப்ப ஒங்கம்மா சாப்ட்டிருப்பா."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவர்மேலா, என்மேலா, தெரியவில்லை. "அத்தையக் கூப்புடு, பேசறேன்" என்றேன்.

"அது... கடைக்குப் போயிருக்குது."

"எனக்குக் கேட்டுச்சுப்பா. எல்லாம் கேட்டுச்சு."

அப்பா தலை குனிந்தபடி விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

"இங்கயும் யாரும் வரலப்பா. யாரையும் நான் கூப்புடவே இல்ல. ஒன் எலயக் கொண்டாந்து போன் எதிர்ல போடு."

போட்டார். சாப்பிட்டோம். என் வடை கல்லாக இருக்கிறது என்றேன், தன்னுடைய வடையைத் திரையில் ஆட்டிக் காட்டினார். கடைசியில் கை கழுவிவிட்டு வந்து, தாம்பாளத்துப் புடவையை எடுத்துப் பீரோவைத் திறந்தார். ஒவ்வொரு போகிக்கும் எடுத்த புடவைகள் மடிப்புக் கலையாமல் தட்டு முட்ட இருந்தன. 'வெச்சிருப்பா, வந்து கட்டிக்கிறேன்' என்று ஒவ்வொன்றுக்கும் நான் சொல்லியிருக்கிறேன். இதையும் திணித்தார். கதவைச் சாத்த முடியவில்லை. தோளைக் கொடுத்து அழுத்திச் சாவியைத் திருப்பினார்.

"அடுத்த வருசம் இதுல எடமில்ல பாப்பா" என்றார், என் பக்கம் திரும்பாமல்.