பொறாமையில் எடுக்காமல் விட்ட போன்

கந்த சஷ்டி ஆறாம் நாள், காலை ஆறு நாற்பது. "நைனா, இடது காலு கல்லு மாதிரி கீது" என்று என் மகள் ரேவதி கூப்பிட்டாள். கெண்டைக்கால் வீங்கிச் சிவந்திருந்தது. தொட்டால் சுட்டது.

ரேவதிக்கு முப்பத்து மூன்று வயது. மைலோமா. எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய். இந்த வயதில் அபூர்வம் என்றார்கள். ஓராண்டாக அழுதுகொண்டிருந்தேன்.

அடியார்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். அப்போது என்னிடம் பக்தியைவிடப் பொறாமைதான் அதிகம். பள்ளிப்பட்டு நெசவாளர் ஏகாம்பரத்துக்கும் இதே நோய், இதே டாக்டர், இதே மாத்திரைகள். சென்னைக்கு ஒரே ரயிலில் போவோம். அறுபத்தெட்டு வயதில் அவருக்கு நோய் அடங்கிவிட்டது. என் பெண்ணுக்கு அடங்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு அவர் எங்கள் ஊர் மலைக்குக் காவடி எடுத்துப் படியேறினார். முருகன் சினம் தணிந்த மலையிலேயே என் வயிறு எரிந்தது.

அவரை மிஞ்சத்தான் ரேவதியை ஆறு நாளும் பாலும் பழமுமாக விரதம் இருக்க வைத்தேன். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த சின்ன மாத்திரை, வெறும் வயிற்றில் எரிகிறது என்றாள். "சஷ்டி முடியட்டும்மா" என்று நானே நிறுத்தினேன். நான் பள்ளி ஆசிரியன். படித்தவன்.

ரத்தம் ஓடினால் வீக்கம் வடியும் என்று எண்ணெய் காய்ச்சித் தேய்க்க ஆரம்பித்தேன். என் போன் அடித்தது. ஏகாம்பரம்தான். தினமும் அடிப்பார். பெருமை பேசத்தான் என்று எடுக்கவே மாட்டேன். அன்றும் எடுக்கவில்லை.

"மூச்சு வாங்குது நைனா."

வாசலுக்கு ஓடி மலையைப் பார்த்தேன். "முருகா, எனக்கு ஒண்ணும் தெரியல. யாரையாவது அனுப்பு."

மறுபடி போன். அதே ஆள். எடுத்தேன்.

"இன்னா சார், போனு அலங்காரத்துக்கா வெச்சிகினு கீறீங்க? பாப்பா சின்ன மாத்திரைய உடாம போடுதா?"

வீக்கத்தைச் சொன்னேன். அவர் குரல் மாறியது. "ஒரு கால் மட்டுமா? ஐயோ, தேய்க்காதீங்க சார்! ரத்தம் கட்டிகினு இருக்கும். எனக்கும் வந்துது. ஆட்டோவ கூப்புடுங்க, இப்பவே கெளம்புங்க."

அரக்கோணத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். காலில் கட்டிய ரத்தத்தில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருந்தது. "இந்த நோய்லயும் இதுக்குக் குடுக்கற மருந்துலயும் ரத்தம் சீக்கிரம் உறையும் சார். நல்ல வேளை, வந்துட்டீங்க" என்றார் டாக்டர். வயிற்றில் ஊசி போட்டார்கள். மத்தியானத்துக்குள் மூச்சு சீரானது.

இன்று ரேவதி நடக்கிறாள். பூஜைக்கு முன் மாத்திரையை என் கையால் கொடுக்கிறேன். பொறாமையில் நெஞ்சு எரிகிறபோதும் முருகனிடம் கேளுங்கள், கேட்பான். யாரை அனுப்புகிறான் என்று மட்டும் முகம் பார்க்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சாயங்காலம் இரண்டு பஸ் மாறி வார்டுக்கு வந்தார் ஏகாம்பரம். என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ரேவதியிடம் சொன்னார்:

"எனக்கு வந்தப்ப ஒண்டியாத்தான் படுத்துக்கினு இருந்தேன். உங்க நைனா கைய உடாம நிக்கிறாரு. உம்மேல எனக்குப் பொறாமையா கீதும்மா."