ஜப்பானில் ஒரு சைவச் சாப்பாடு

ஜெர்மனியில், எசன் நகரத்தில் ஒரு பயண முகவர் நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். பாஸ்போர்ட்டை வீட்டில் மறந்துவிட்டு விமான நிலையம் வந்தவர்கள், பெட்டியை மாற்றித் தூக்கிக்கொண்டு போனவர்கள், மாப்பிள்ளையோடு கோபித்துத் தேனிலவை ரத்துச் செய்தவர் என்று எல்லாரையும் சமாளித்திருக்கிறேன். என்னைக் கலங்க வைத்தது ஒரு கிண்ணம் சூப். இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்காக அதை எழுதுகிறேன்.

1. அரிசி குக்கர்

எங்கள் ஈழத்து ஆட்கள் முன்பெல்லாம் இந்தியக் கோயில்களுக்கும் சுவிசுக்கும்தான் டிக்கெட் எடுப்பார்கள். இங்கே வளர்ந்த பிள்ளைகள் வேலைக்குப் போனதும் ஜப்பான் பைத்தியம் பிடித்தது. தாங்கள் போய்வந்து, பிறகு தாய் தகப்பனையும் அனுப்பத் தொடங்கினார்கள். அப்படிச் சேர்ந்ததுதான் என் முதல் ஜப்பான் குழு. எசனிலிருந்தும் வுப்பர்டாலிலிருந்தும் பத்துப் பேர். வழிகாட்டியாக நானும் கூடப் போனேன்.

விமான நிலையத்தில் பெட்டிகளைத் தராசில் நிறுத்தபோது இரண்டு அரிசி குக்கர்கள் பிடிபட்டன.

"அண்ணை, அங்கை சோறு இருக்கு. மூண்டு நேரமும் சோறு தின்னுற சனம்," என்றேன்.

"அது ஒட்டுற சோறாமே, வதனி," என்றார் குலம் அண்ணை, குக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. குக்கர்கள் இரண்டும் வழியனுப்ப வந்த அவருடைய மருமகனோடு வீட்டுக்குத் திரும்பின.

குலம் அண்ணையின் மனைவி பவளம் அக்கா. குழுவில் அவர் ஒருவர்தான் சைவம். அவருடைய மகன் பிறந்த மூன்றாம் மாதத்தில் இதயத்தில் ஆப்பரேஷன் செய்தார்கள். ஆஸ்பத்திரிக் கொரிடோரில் நின்று, பிள்ளை பிழைத்தால் சாகும்வரை மீன், இறைச்சி என்று மச்சம் எதையும் தொடமாட்டேன் என்று அக்கா நேர்த்தி வைத்தார். அந்தப் பிள்ளை இன்றைக்கு ஒரு எஞ்சினியர். இந்தப் பயணத்துக்கு அம்மாவையும் அப்பாவையும் அனுப்பியதும் அவன்தான். "அம்மான்ர சாப்பாட்டை மட்டும் கவனமாப் பாருங்கோ அன்ரி" என்று இரண்டு தரம் போன் எடுத்துச் சொன்னான்.

நான் கவனமாகத்தான் பார்த்தேன். விடுதிக்கு மின்னஞ்சல் எழுதினேன்: ஒருவருக்கு இறைச்சி வேண்டாம், மீனும் வேண்டாம். புரிந்தது, விசேஷமாகச் சமைக்கிறோம் என்று மிகுந்த மரியாதையோடு பதில் வந்தது. அதைப் பிரதி எடுத்து விமானத்திலேயே எல்லாருக்கும் காட்டினேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

2. பாயும் குளியலும்

கியோட்டோவுக்கு வெளியே மலையடிவாரத்தில் இருந்தது விடுதி. வாசலில் செருப்பைக் கழற்று, கோயிலுக்குள் போகுமுன் கை கழுவு என்று எங்கள் ஆட்களுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பாய் விரித்த அறையில் நிலத்தில் படுக்கைதான். "படுக்கிறது சுகம். எழும்பத்தான் கிரேன் வேணும்," என்றார் குலம் அண்ணை.

பொதுக் குளியல் வேறு கதை. வெந்நீர் ஊற்றில் எல்லாரும் உடுப்பில்லாமல் இறங்க வேண்டும் என்று சொன்னதும் பெண்கள் ஐந்து பேரும் "அம்மாளாச்சி!" என்று அறைக்குத் திரும்பிவிட்டார்கள். அடுத்த நாள் விடியப்புறம் ஆளில்லாத நேரம் பார்த்து மூன்று பேர் போனார்கள். அதன் பிறகு அவர்களைத் தண்ணீரை விட்டு எழுப்பத்தான் பாடாய்ப் போய்விட்டது.

சாப்பாட்டுக்கு வழக்கம்போல் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை. விடுதிக்கார அம்மா முழங்காலில் இருந்து ஒவ்வொரு தட்டாக வைப்பார். பவளம் அக்காவுக்குத் தனித் தட்டு: தோஃபு, அவித்த மரக்கறி, மூடி போட்ட கிண்ணத்தில் மிசோ சூப். நான் மற்றத் தொங்கலில், வரிசையின் கடைசியில் இருந்துகொண்டு, "எப்பிடி அக்கா?" என்று ஒவ்வொரு நேரமும் கேட்பேன்.

"நல்லாயிருக்கு, வதனி," என்பார் அவர்.

3. சமையலறை வாசல்

மூன்றாம் நாள் பின்னேரம் கோயில் பார்த்துவிட்டு வந்து, சுடுதண்ணீர் கேட்கச் சமையலறைக்குப் போனேன். சமையற்காரர் விறகுத் துண்டு மாதிரி ஒன்றைப் பெட்டிபோன்ற ஒரு சீவுளியில் சீவிக்கொண்டிருந்தார். மரச்சீவல் மாதிரி மெல்லிசாக விழுந்தது. மணம் மூக்கில் ஏறியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. சம்பலுக்கு இடித்துப் போடுகிற மாசிக் கருவாடு. பெயர்தான் வேறு, சாமான் அதுதான்.

போனில் மொழிபெயர்ப்பைத் திறந்து, இது எதற்கு என்று கேட்டேன். எல்லாச் சூப்புக்கும் மரக்கறிக்கும் இதில்தான் சாறு எடுப்போம் என்று பதில் வந்தது. சைவத் தட்டுக்குமா? ஆமாம், அதற்கு ஆகத் தரமானது என்று அவர் பெருமையாகத் தலை ஆட்டினார். மீன் துண்டு ஒன்றும் போடவில்லையே, சாறு மட்டும்தானே என்பது அவருடைய கணக்கு.

அவரோடு எப்படிக் கோபிப்பது? உருளைக்கிழங்கு சலாட்டில் பன்றிக் கொழுப்பைத் தூவிவிட்டு, "அது இறைச்சி இல்லை, ருசிக்கு" என்று சொன்ன ஜெர்மன் கன்ரீன்காரர்களோடு முப்பது வருடம் வாழ்ந்தவள் நான். கேட்டிருக்க வேண்டியது நான்தான். காய்ந்த காளானிலும் கடற்பாசியிலும் சாறு எடுக்கலாமா என்று கேட்டேன். அவர் உடனே சம்மதித்தார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கே மாறிவிட்டது.

பிறகு குலம் அண்ணையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருடைய முகம் வெளுத்துவிட்டது.

"வதனி, அவவுக்குச் சொல்லிப்போடாதையும். அந்த நேர்த்தியாலதான் பிள்ளை உயிரோடை இருக்கிறான் எண்டு நம்புறா. இதைக் கேட்டா, இனி அவன் கார் எடுக்கிற ஒவ்வொரு நாளும் பயந்து சாவா."

"பிறகு தெரிய வந்தால், அண்ணை?"

"ஆர் சொல்லப் போகினம்? நீரும் நானும்தானே."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு வசதியும் இருந்தது. அதுதான் உறுத்தியது. வாயை மூடினால் அக்காவின் நிம்மதியும் கெடாது, என் பெயரும் கெடாது. ஆனால் நேர்த்தி வைத்தது அவர். அதற்கு என்ன பரிகாரம் என்று முடிவெடுக்க நான் யார்?

4. தோட்டத்தில்

காலையில் பவளம் அக்கா தோட்டத்து வாங்குப் பலகையில் தேத்தண்ணீரோடு தனியாக இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "மாசிதானே?"

"ஓம் அக்கா. உங்களுக்கு..."

"முதல் நாள் மூடியைத் திறக்கவே மணந்தது. நான் என்ன சின்னப் பிள்ளையே? தொடவே இல்லை. எல்லாத்தையும் பக்கத்திலை இருக்கிற ராணியின்ரை பக்கம் தள்ளிவிட்டன். அவ ரெண்டு பங்கு குடிச்சவ."

"அப்ப மூண்டு நாளா என்ன சாப்பிட்டனீங்கள்?"

"வெறுஞ்சோறு. கொண்டுவந்த பருப்புப்பொடி. பிறகு அந்த மஞ்சள் ஊறுகாய்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அக்கறையாகக் கேட்டேன் என்று நினைத்த ஒவ்வொரு நேரமும் அந்த மனுஷி பசியோடு இருந்திருக்கிறார்.

"ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் அந்தக் கடுதாசியைக் காட்டிக் காட்டிச் சந்தோசமாத் திரிஞ்சீர். மகன் வேறை ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, அம்மா என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு கேக்கிறான். ஆசையா அனுப்பின பிள்ளை. ஏன் குழப்புவான் எண்டு விட்டிட்டன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நேத்து இரவு சூப் வேறை மாதிரி வந்தது. மணந்து பாத்தன், மாசி இல்லை. முழுக்கக் குடிச்சன், நல்ல சூப். அப்பவே விளங்கிட்டுது, வதனிக்குத் தெரிஞ்சுபோச்சு எண்டு. விடியத்திலை இருந்து இதிலை இருக்கிறன், நீர் வந்து சொல்லுவீரோ, ஒளிப்பீரோ எண்டு பாக்க."

"மன்னியுங்கோ அக்கா," என்றேன்.

"இவருக்கும் தெரியுமோ?" என்று குலம் அண்ணை இருந்த அறைப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன். அக்கா சிரித்துவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குலம் அண்ணைக்கு அன்று முழுக்க நல்ல பூசை கிடைத்தது என்று கேள்வி.

எசனுக்குத் திரும்பியதும் எங்கள் பதிவுப் படிவத்தை மாற்றி எழுதினேன். சைவம் என்ற ஒரு சொல்லோடு விடாமல் மீன் சாறு, கருவாட்டுத் தூள், எலும்பு அவித்த தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது அது. குழுவோடு போனால் முதல் நேரச் சாப்பாட்டில் சைவத் தட்டுக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன். இதெல்லாம் வேலை முறை, யாரும் பழகிக்கொள்ளலாம்.

மற்றதுதான் கஷ்டம். பிழை விட்டால் வாடிக்கையாளரிடம் நேரே போய்ச் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருப்போம். அவர் விடியற்காலையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.